நான்கெல்லைக்குள் வாழ்ந்தவர்கள்

(பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

     

நெல்லிக்குப்பம் என்றதும் வெளியூரார்க்கு நினைவில் எழுவன சர்க்கரை ஆலையும் மிட்டாயும் ஆகும். தென்பெண்ணைக்கும் கெடிலத்திற்கும் இடைப்பட்ட வளமான நிலத்தில், கடலூரிலிருந்து பண்ணுருட்டி செல்லும் சாலையில் அமைந்த இவ்வூர் கரும்பாலும் வெற்றிலையாலும் பெயர் பெற்றது. இத்தகைய ஊர் ஒன்றின் கடைத்தெருவில் நிற்கும் ஒரு பழைய வீட்டை எண்ணிப் பார்க்கலாம். முன்புறம் கடை, பின்புறம் குடியிருப்பு, நடுவே முற்றம், நாட்டு ஓடு வேய்ந்த கூரை. இன்று அதில் கைப்பேசிக் கடை நடக்கிறது. அதற்குமுன் அங்கு என்ன இருந்தது என்று கேட்டால் துணிக்கடை என்பார் ஒருவர். மளிகை மண்டி என்பார் மற்றொருவர். அதற்கும் முன்னே எண்ணெய்க் கடை என்று தம் பாட்டி கூறியதாக மூன்றாமவர் சொல்வார். அவ்வீட்டின் உரிமையாளர் யாவர் என்று கேட்டாலோ பத்திரக் கட்டு ஒன்று வெளியே வரும். உரிமையாளர் வரலாறு காகிதத்தில் இருக்கிறது. தொழில் செய்தவர் வரலாறு வாய்மொழியில் இருக்கிறது. இவ்விரண்டும் ஏன் பிரிந்தன, அவற்றை மீண்டும் சேர்த்துவைக்க வழியுண்டா என்பதே இவ்வுரையின் பொருள்.

முதலில் உரிமையாளரைத் தேடும் வழியைக் காண்போம். அது ஓரளவு நேரானது. இன்றைய கிரயப் பத்திரத்தில், இச்சொத்து இன்னாரிடமிருந்து இன்ன ஆண்டில் இன்ன எண்ணுள்ள ஆவணத்தால் கிடைத்தது என்று எழுதியிருக்கும். அந்த ஆவணத்தை எடுத்தால் அதில் அதற்கு முந்தையது குறிக்கப்பட்டிருக்கும். இவ்வாறு படிப்படியாகப் பின்னோக்கிச் சென்றால் தாய்ப்பத்திரத்தை அடையலாம். தாய்ப்பத்திரம் என்னும் சொல்லே அழகானது. பிள்ளைகள் எத்தனை கைமாறினாலும் அவற்றைப் பெற்றது ஒன்று உண்டு என்பதை அது சொல்கிறது. பத்திரப் பதிவுச் சட்டம் 1864இல் இயற்றப்பட்டது. இன்று நடைமுறையில் இருப்பது 1908ஆம் ஆண்டுச் சட்டம். அச்சட்டப்படி, அசையாச் சொத்து பற்றிய ஆவணங்கள் சார்பதிவாளர் அலுவலகத்தின் முதற் புத்தகத்தில் பதியப்படுகின்றன; உயில்கள் மூன்றாம் புத்தகத்தில். ஆதலால் ஒரு வீடு கிரயத்தாலன்றி உயிலால் கைமாறியிருந்தால் முதற் புத்தகத்தில் மட்டும் தேடுவோர்க்குச் சங்கிலி அறுந்ததுபோலத் தோன்றும். பலர் அந்த இடத்திலேயே தேடலைக் கைவிடுகின்றனர்.

காலக் கணக்கும் தேடுவோரைத் தடுமாறச் செய்யும். பழைய பத்திரங்களில் ஆங்கில ஆண்டுடன் தமிழ் ஆண்டுப் பெயரும் இருக்கும். வீட்டுக் கணக்குகளிலும் கைச்சீட்டுகளிலும் பெரும்பாலும் தமிழ் ஆண்டு மட்டுமே இருக்கும். அறுபதாண்டுச் சுழற்சியில் ஒரே பெயர் மீண்டும் மீண்டும் வருவதால் 'விரோதி வருடம்' என்று மட்டும் எழுதியிருந்தால் அது 1889ஆ, 1949ஆ என்று கூற இயலாது. அருகில் 'பசலி 1299' என்று ஒரு குறிப்பு இருந்துவிட்டால் ஐயம் தீரும். பசலி எண்ணுடன் 590ஐக் கூட்டினால் 1889 கிடைக்கிறது. ஜூலையில் தொடங்கும் அப்பசலி 1890 ஜூனில் முடியும். வருவாய்த் துறையினர் கடன் கழிப்பதுபோல் எழுதிவைத்த பசலி எண் இன்று வரலாற்றுத் தேடலுக்குப் பெருந்துணையாகிறது. ஆண்டுப் பெயரோடு மாதம், தேதி, கிழமை மூன்றும் இருந்தால் பஞ்சாங்கத்தைக் கொண்டும் ஆண்டை உறுதிசெய்யலாம்.

இனித் தொழில் செய்தவர்களுக்கு வருவோம். பழைய பத்திரங்களைப் படித்தவர்கள் அவற்றின் தொடக்கத்தை அறிவர். எழுதிக்கொடுப்பவர் ஊர், தகப்பனார் பெயர், சாதி, மதம் ஆகியவற்றை அடுத்து 'ஜீவனம்' என்று ஒரு சொல் வரும். ஜீவனம் பயிர், ஜீவனம் வர்த்தகம் என்று அவரது பிழைப்பு குறிக்கப்படும். இஃது எழுத்தர்களின் விருப்பத்தால் வந்த வழக்கு மட்டுமன்று. ஆவணத்தில் ஒருவரை அடையாளம் காட்ட அவரது இருப்பிடமும் தொழிலும் தந்தை பெயரும் வேண்டும் என்பது சட்டத்தின் விளக்கம். முன்னாளில் சாதியும் அவ்விளக்கத்தில் இருந்தது. விடுதலைக்குப் பின் அச்சொற்கள் நீக்கப்பட்டன. நீக்கியது நன்று. ஆயின் சாதியோடு சேர்த்துத் தொழிலையும் விட்டுவிடும் பழக்கம் பத்திரம் எழுதுவோரிடையே பரவியதே, அதற்குத் தேவை ஏதும் இருந்ததில்லை.

அந்த 'ஜீவனம்' கூட வாங்கியவர்க்கும் விற்றவர்க்கும் உரியதே. வாடகைக்கு இருந்து கடை நடத்தியவர் அங்கு இடம்பெறுவதில்லை. அதற்கு ஒரு சட்டக் காரணம் உண்டு. ஓராண்டிற்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவுசெய்ய வேண்டும் என்பது 1908ஆம் ஆண்டுச் சட்டத்தின் பதினேழாம் பிரிவு. எனவே ஊரெங்கும் பதினொரு மாத வாடகை ஒப்பந்தம் வழக்கமாயிற்று. பதிவுச் செலவைத் தவிர்க்க எழுந்த இச்சிறு தந்திரம் வாடகைக் கடைக்காரர்களின் வரலாற்றையே பதிவேட்டிலிருந்து வெளியே நிறுத்திவிட்டது. ஒரே கடையில் முப்பது ஆண்டு உப்பும் புளியும் விற்றவர் பதிவேட்டின் கணக்கில் ஒருநாளும் அங்கு இருந்ததில்லை! நகர்ப்புற வாடகை ஒப்பந்தங்கள் அனைத்தும் எழுத்தில் அமைந்து வாடகை அதிகாரியிடம் பதியப்பட வேண்டும் என்ற தமிழ்நாட்டுச் சட்டம் 2017இல் இயற்றப்பட்டு 2019இல்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முற்பட்ட நூறாண்டு இருள்தான்.

அந்த இருளில் ஒரு விளக்கு உண்டு. அது பத்திரத்தின் கடைசிப் பகுதியில் இருக்கிறது. வங்கியில் கடன் கேட்போரும் வழக்கறிஞரும் அன்றி யாரும் நின்று படிக்காத பகுதி அது: சொத்து விவரம். அதில் 'இதற்குச் செக்குபந்தி' என்று தொடங்கி நான்கு எல்லைகளும் கூறப்படும். இன்னார் வீட்டுக்குக் கிழக்கு, இன்னார் கடைக்கு வடக்கு, தெருவுக்கு மேற்கு, இன்ன சந்துக்குத் தெற்கு என்று அமையும். ஒரு வீட்டின் பத்திரம் அவ்வீட்டில் குடியிருந்தவரைச் சொல்லாமல் விடலாம். பக்கத்து வீட்டாரின் பத்திரம் அவரைச் சொல்லிவிடும். எல்லை கூறும்போது எழுத்தர் ஊரார் வழங்கும் பெயரையே எழுதுவார். உரிமையாளர் யார் என்று ஆராய்ந்து கொண்டிரார். 'எண்ணெய்க்காரர் வீடு', 'தட்டார் பட்டறை', 'வெற்றிலை மண்டி', 'வண்டிப்பேட்டை' போன்ற சொற்கள் செக்குபந்தியில் நுழைவது இவ்வாறே. ஆகவே ஒரு கட்டடத்தில் தொழில் செய்தவரைத் தேடுவோர் அக்கட்டடத்தின் பத்திரத்தை மூடிவைத்துவிட்டு, அதன் நான்கு பக்கத்துப் பத்திரங்களைத் திறக்க வேண்டும். எதிர்வீட்டுப் பத்திரம் ஐந்தாவது சாட்சி.

இவ்விடத்தில் 1908ஆம் ஆண்டுச் சட்டத்தின் இருபத்தொன்றாம் பிரிவு வியப்பூட்டுகிறது. நகரத்து வீடுகளை ஆவணத்தில் விவரிக்கும்போது அவை எந்தத் தெருவின் எந்தப் பக்கத்தில் உள்ளன என்பதையும், கதவிலக்கம் இருந்தால் அதனையும் கூறுவதோடு, இப்போது அவற்றில் இருப்போர் யார், முன்பு இருந்தோர் யார் என்பதையும் கொண்டு விவரிக்க வேண்டும் என்கிறது அப்பிரிவு. முன்பு இருந்தோர்! வரலாற்றாசிரியர் கேட்க நினைப்பதைச் சட்டமே கேட்டுவிட்டது. ஆனால் அடுத்த பிரிவு, சொத்து எதுவெனத் தெரியும் அளவிற்கு விவரம் இருந்தால் இம்முறை பின்பற்றப்படாமற்போயினும் ஆவணத்தைப் பதியலாம் என்று கதவைத் திறந்துவிட்டது. அக்கதவின் வழியே முன்னிருந்தோர் அனைவரும் வெளியேறிவிட்டனர். சட்டம் இயற்றியோர் ஊர் வரலாற்றை எண்ணி அவ்வாறு எழுதியிரார். வீட்டிலக்கம் இல்லாத காலத்தில் வீட்டை அடையாளம் காட்ட ஆட்களைத் தவிர வேறு வழியில்லை என்பதே அவர்கள் கருத்தாக இருந்திருக்கும். எனினும் ஒரு வீட்டுக்கு அதில் வாழ்ந்தவரே முகவரி என்னும் அக்கருத்து போற்றத்தக்கது.

எல்லை கூறும் இம்முறை ஆங்கிலேயர் கொண்டுவந்ததன்று. சோழர் கல்வெட்டுகளில் நிலக்கொடை தோறும் கீழ்பாற்கெல்லை, தென்பாற்கெல்லை, மேல்பாற்கெல்லை, வடபாற்கெல்லை எனப் பெருநான்கெல்லையும் கூறப்படும். வாய்க்காலும் வதியும் புற்றும் மரமும் அங்கு சாட்சிகளாக நிற்கும். வீடுகளையும் தொழிலரையும் பற்றித் தமிழில் உள்ள ஆவணங்களுள் தலைசிறந்தது தஞ்சைப் பெரிய கோயிலில் இருக்கிறது. முதலாம் இராசராசனின் இருபத்தொன்பதாம் ஆட்சியாண்டை ஒட்டிய அக்கல்வெட்டு, பல ஊர்க் கோயில்களிலிருந்து கொணர்ந்து குடியமர்த்தப்பட்ட நானூறு தளிச்சேரிப் பெண்டுகளின் பெயர்களைத் தருகிறது. பெயரை மட்டுமா தருகிறது? எந்தத் தளிச்சேரி, அதில் தென்சிறகா வடசிறகா, அச்சிறகில் எத்தனையாவது வீடு, அப்பெண் முன்பு எந்த ஊர்த் தளியைச் சேர்ந்தவர் என்பவற்றையும் வரிசையாகக் கூறுகிறது. ஒவ்வொருவர்க்கும் ஒரு பங்கு. பங்கு ஒன்றுக்கு ஆண்டுக்கு நூறு கலம் நெல். தொடர்ந்து நட்டுவர், இசைக்கலைஞர், கணக்கர், தையான், கன்னான், தச்சர், குயவர், வண்ணத்தார், நாவிதர் முதலியோரும் அவரவர் பங்குடன் குறிக்கப்பெறுகின்றனர்.

இக்கல்வெட்டைக் கலை வரலாற்றிற்காகப் பலர் எடுத்துக்காட்டியுள்ளனர். தெரு வரலாற்றிற்கு அதன் மதிப்பு இன்னும் போதிய அளவு பேசப்படவில்லை. ஓராயிரம் ஆண்டுக்கு முன்னர் ஒரு தெருவின் மூன்றாம் வீட்டில் யார் இருந்தார் என்று கேட்டால் விடை கூறவல்ல ஆவணம் அது. அங்கு வீடு உடைமைக் கணக்கில் வரவில்லை. பணிக் கணக்கில் வந்தது. ஒருவர் இறந்தாலோ வெளியூர் சென்றாலோ அவரைச் சார்ந்தோருள் அப்பணிக்குத் தகுதியுடையார் அப்பங்கைப் பெறவேண்டும் என்றும், அவர் தகுதியற்றவராயின் தகுதியுள்ள பிறரைத் தேர்ந்து அமர்த்த வேண்டும் என்றும் விதிக்கப்பட்டுள்ளது. பெண்கள் கணவர் பெயராலோ தந்தை பெயராலோ அன்றித் தம் பெயராலேயே குறிக்கப்படுவதும் கருதத்தக்கது. அண்மை நூற்றாண்டுப் பத்திரங்களில் பெண் உரிமையாளர் பலர் உண்டு. ஆனால் இன்னார் மனைவி, இன்னார் மகள் என்ற குறிப்போடு நின்றுவிடுவர். அவர்தம் தொழில் பெரும்பாலும் எழுதப்படுவதில்லை. காலையில் இட்லி சுட்டு விற்றும், மாலையில் பூக்கட்டி விற்றும், அந்த வருவாயில் வீட்டையே வாங்கிய பெண்ணுக்குக்கூட 'ஜீவனம்' என்னும் இடம் வெறுமையாக இருக்கக் காணலாம். சிலப்பதிகாரத்தில் இளங்கோவடிகள் புகார் நகரத்தைப் பாடும்போது பிட்டு விற்போர், அப்பம் விற்போர், கள் விற்கும் மகளிர், மீன் விற்கும் பரதவர், உப்பு வாணிகர் எனத் தொழில் செய்வோரைக் கொண்டே வீதிகளை அடையாளம் காட்டுகிறார். அவ்வீதி வீடுகளின் சொந்தக்காரர் யார் என்பது அவர்க்குப் பொருட்டாகப்படவில்லை.

இம்மரபிற்கு நேர்மாறான எல்லையொன்றும் இதே கடலூர் மண்ணில் வகுக்கப்பட்டது. தேவனாம்பட்டினத்துக் கோட்டையை 1690இல் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனி மராட்டியரிடமிருந்து விலைக்கு வாங்கிப் புனித டேவிட் கோட்டை என்று பெயரிட்டது. கோட்டையோடு சேரும் நிலம் எவ்வளவு? பீரங்கி ஒன்றைப் பல திசைகளிலும் சுட்டுக் குண்டு விழும் தொலைவு வரையுள்ள ஊர்கள் அனைத்தும் சேரும் என்று முடிவாயிற்று. அவ்வாறு சேர்ந்தவை குண்டுக் கிராமங்கள் என வழங்கப்பெற்றன. கடலூர் நகரமும் அதில் அடங்கிற்று. நான்கு திசையிலும் அண்டை வீட்டார் பெயரைக் கேட்டு எழுதிய எல்லை ஒன்று. யார் இருக்கிறார் என்று கேளாமல் குண்டால் அளந்த எல்லை மற்றொன்று. அக்கோட்டை பின்னர்ப் பலமுறை கைமாறியது. 1746இல் தென்னாட்டில் ஆங்கிலேயரின் தலைமையிடமாயிற்று. 1756இல் இராபர்ட் கிளைவ் அதன் ஆளுநரானார். 1758இல் பிரெஞ்சுக்காரர் கைப்பற்றினர். மீண்டும் கைமாறிக் கைமாறி 1785இல் முடிவாக ஆங்கிலேயரிடம் வந்தது. இத்தனை உரிமையாளர்களையும் ஆண்டுவாரியாகக் கூற முடிகிறது. அக்கோட்டைக்குச் சுண்ணாம்பு சுட்டவரும் அரிசி தந்தவரும் துணி நெய்தவரும் யாவர் என்று கேட்டால் கம்பெனியாரின் ஆலோசனைக் குறிப்புகளை வரிவரியாகத் துழாவ வேண்டியிருக்கிறது.

இப்போது நெல்லிக்குப்பத்தின் பெருங்கட்டடத்திற்கு வரலாம். சர்க்கரை ஆலைதான் அது. வேல்சு நாட்டினரான தாமசு பாரி 1788இல் சென்னையில் வணிகம் தொடங்கினார். 1819இல் சான் வில்லியம் டேர் அவருடன் கூட்டுச் சேர்ந்தார். பாரி 1824இல் பரங்கிப்பேட்டையில் வாந்திபேதியால் இறந்தார். அவரது கல்லறை கடலூரில் உள்ளது. அவர் மறைந்து பதினெட்டு ஆண்டுகள் கழித்து, 1842இல், அவர் பெயர் தாங்கிய நிறுவனம் நெல்லிக்குப்பத்தில் சர்க்கரை ஆலையை நிறுவியது. இந்தியாவின் மிகப் பழைய சர்க்கரை ஆலைகளுள் அஃது ஒன்று. பாரி என்னும் வெள்ளையர் பெயர் தமிழர் நாவில் பறம்புமலைப் பாரியின் பெயராகவே ஒலித்ததும், சென்னையில் ஒரு தெருமுனையே பாரிமுனை ஆனதும் மொழி செய்த வேடிக்கை. கடையெழு வள்ளலுக்கும் கம்பெனிக்கும் உறவேதும் இல்லை என்று மாணவர்க்குச் சொல்ல வேண்டிய நிலையும் சில வேளை நேர்கிறது!

1897இல் கிழக்கிந்திய வடிசாலை, சர்க்கரை ஆலைகள் நிறுவனம் உருவாயிற்று. அதன் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளே இன்றும் ஈ.ஐ.டி. பாரி என்னும் பெயரில் நிற்கின்றன. 1914இல் மிட்டாய்த் தொழில் தொடங்கியது. 1981இல் முருகப்பா குழுமம் பாரி நிறுவனத்தை ஏற்றது. மிட்டாய்ப் பிரிவு 2004இல் கொரிய நாட்டு லாட்டே நிறுவனத்திற்கு விற்கப்பட்டது. வேல்சு நாட்டார், இலண்டன் பங்குதாரர், செட்டிநாட்டு வணிகக் குடும்பத்தார், கொரியர் என நான்கு நிலத்தார் பெயர்கள் ஒரு சிற்றூர்த் தொழிலோடு பிணைந்துள்ளன. இவற்றை அறிவதில் சிக்கல் இல்லை. ஆனால் ஒரு நுட்பம் உண்டு. சாதாரண வீடு கைமாறினால் சார்பதிவாளர் புத்தகத்தில் ஒரு பக்கம் நிரம்பும். நிறுவனம் கைமாறும்போது பங்குகள் மாறுகின்றன; நிலத்தின் பெயர் மாற வேண்டியதில்லை. நிறுவனத்தின் நிலத்திற்கு வில்லங்கச் சான்று கேட்டால் பங்கு கைமாறியதற்கு அதில் சுவடே இராது. வீட்டைத் தேடும் முறையில் ஆலையைத் தேடினால் வெறுங்கையோடு திரும்ப நேரும்.

ஆலையில் உழைத்தோரைத் தேடுவது அதனினும் அரிது. 'ஆலை' என்னும் சொல்லின் வரலாறே இதற்கு ஒரு வழிகாட்டி. சங்க நூல்களில் கரும்பு பிழியும் பொறி எந்திரம் எனப்படுகிறது. கரும்பை இந்நாட்டிற்குக் கொணர்ந்தோர் அதியமானின் முன்னோர் என்று ஔவையார் பாடியதைப் புறநானூறு காக்கிறது. கரும்பு பிழியும் இடத்திற்கு ஆலை என்ற பெயர் வழங்கிற்று. தோட்டத்து ஓரத்தில் மாடு சுற்ற, கொட்டகையில் கொப்பரை கொதிக்க, வெல்லம் காய்ச்சுவோர் பதம் பார்த்து இறக்கியதே பழைய ஆலை. புகைபோக்கி வைத்த பெருங்கட்டடம் வந்தபோது மக்கள் புதுச்சொல் தேடவில்லை. அதே சொல்லைத் தூக்கி அதற்கு வைத்தனர். பிறகு நூல் நூற்கும் இடமும் நெல் அரைக்கும் இடமும் ஆலையாயின. நெல்லிக்குப்பத்தில் ஆலைக்காரர் என்றால் பொருள் வேறு, சுற்றுவட்டக் கிராமத்தில் ஆலையடி என்றால் பொருள் வேறு என்பதை உணராமல் பத்திரங்களைப் படித்தால் வெல்லக் கொட்டகையைச் சர்க்கரைத் தொழிற்சாலை என்று எண்ணி மயங்க நேரிடும். ஒரு பெருங்கட்டடத்தைச் சுற்றிக் கரும்பு வெட்டுவோர், கட்டுக் கட்டுவோர், வண்டியோட்டுவோர், மாட்டுக்கு இலாடம் அடிப்போர், வண்டிப் பட்டறைத் தச்சர், கொல்லர், சாக்குத் தைப்போர், சோறு விற்போர் என எத்தனை பிழைப்புகள்! ஆலையின் கணக்கில் பெயர் ஏறாத இவர்களைக் கண்டறிய ஆலையைச் சுற்றியுள்ள தெருக்களின் செக்குபந்திகளே உதவும்.

வேறு சில சான்றுகளும் உண்டு. 1920ஆம் ஆண்டு நகராட்சிச் சட்டத்தின் கீழ் அபாயகரமானவை, அருவருப்பானவை எனப் பட்டியலிடப்பட்ட தொழில்களுக்கு ஆண்டுதோறும் உரிமம் பெறவேண்டியிருந்தது. எத்தனையோ எளிய தொழில்கள் அப்பட்டியலில் அடங்கின. அருவருப்பு என்ற சொல் அத்தொழிலோரை இழிவுபடுத்துவதே. ஆனால் அந்த உரிமப் பதிவேட்டில்தான் உரிமையாளர் அல்லாத ஒருவரின் பெயரும் தொழிலும் கதவிலக்கமும் ஒரே வரியில் கிடைக்கின்றன. அடுத்து வழக்குகள். 1960ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி கடையைக் காலிசெய்யக் கோரி உரிமையாளர் மனுச் செய்தபோது, குடியிருந்தவர் எத்தனை ஆண்டாக என்ன தொழில் செய்து வந்தார் என்று எதிருரை தந்தார். பதினொரு மாத ஒப்பந்தம் மறைத்ததை வழக்கு வெளிப்படுத்திவிட்டது. சண்டையின்றி வாழ்ந்தவர் வரலாற்றில் இல்லை, சண்டையிட்டவர் இருக்கிறார் என்பது சற்று வருத்தந்தரும் உண்மை.

கட்டடமும் பேசும். பலகைக் கடையாயின் நிலைக்கல்லில் பலகை செருகும் பள்ளம் இருக்கும். உத்தரத்தில் கனத்த கொக்கி இருந்தால் தராசு தொங்கியதாகலாம். தரையின் எண்ணெய்க் கறையும், சுவரில் புகையேறிய மாடமும், கொல்லையில் கிடக்கும் செக்குக் கல்லும் எளிதில் அழிவன அல்ல. தமிழ்நாட்டில் செக்குக் கற்களிலேயே அதனை அமைத்துக் கொடுத்தவர் பெயர் பொறித்த கல்வெட்டுகள் பல கிடைத்துள்ளன. பழைய கடைக் கணக்குகள் கிடைத்தால் அவற்றைப் படிக்கத் தமிழ் எண்களும் மாகாணி, முந்திரி போன்ற பின்னங்களும் தெரிந்திருக்க வேண்டும். தமிழ் முதுகலை வகுப்பில் இவற்றைக் கற்பிக்கும் கல்லூரிகள் மிகக் குறைவு. மாணவர்க்கு யாப்பு தெரிகிறது; பாட்டனார் எழுதிய பேரேட்டைப் படிக்கத் தெரியவில்லை. கல்விமுறையின் இக்குறையைத் தமிழ்த் துறைகளே களைய வேண்டும்.

இத்தேடலுக்குக் காலம் குறைவு. புதிய பத்திரங்களில் எல்லைகள் எண்களாகிவிட்டன. சர்வே எண் இன்னதற்குக் கிழக்கு, மனை எண் இன்னதற்கு வடக்கு என்றே எழுதப்படுகிறது. நிலத்தகராறு குறைய இம்முறை உதவும் என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் இன்றைய பத்திரத்தைக் கொண்டு நூறாண்டு கழித்து இத்தெருவில் யார் என்ன விற்றார் என்று ஒருவர் தேடினால் எண்களே அவர்க்கு விடையாகக் கிட்டும். பழைய காகிதங்களோ நீருக்கும் கறையானுக்கும் இரையாகின்றன. 2011 டிசம்பரில் தானே புயலும், 2015இல் பெருவெள்ளமும் கடலூர் மாவட்ட வீடுகளில் எத்தனையோ இரும்புப் பெட்டிகளை நனைத்துச் சென்றன. 2015 வெள்ளத்திற்குப் பின் இழந்த ஆவணங்களின் நகல் வழங்கச் சிறப்பு முகாம்கள் நடத்தப்பட்டன. பதிவுபெற்ற கிரயப் பத்திரத்திற்கு நகல் கிடைக்கும். வாடகைச் சீட்டுக்கும், மண்டிக் கணக்குக்கும், உரிம ரசீதுக்கும், அச்சிட்ட கடை விளம்பரத் துண்டுக்கும் எந்த அலுவலகத்திலும் நகல் இல்லை. உரிமையாளரின் சான்று இருமுறை பிறக்கும். தொழிலரின் சான்று ஒருமுறை நனைந்தால் போயிற்று.

ஆகவே ஒரு தெருவைத் தேர்ந்து தொடங்கலாம். ஊர் முழுவதையும் எடுத்துக்கொள்ள வேண்டா. கடைத்தெருவின் ஒரு சிறகில் பத்து வீடுகள் போதும். தஞ்சைக் கல்வெட்டு காட்டும் முறையிலேயே தென்சிறகு முதல் வீடு, இரண்டாம் வீடு என வரிசை அமைத்து, ஒவ்வொரு வீட்டிற்கும் இரண்டு நிரல்கள் வகுக்க வேண்டும். ஒன்றில் உரிமையாளர்; மற்றொன்றில் தொழில் செய்தவர். பக்கத்து வீட்டுச் செக்குபந்தியில் கண்ட பெயரை ஆண்டோடும் ஆவண எண்ணோடும் இரண்டாம் நிரலில் எழுத வேண்டும். முதியோர் கூறுவனவற்றைக் கூறியவாறே தனியே குறித்து, ஆவணம் கிடைக்கும்வரை அவற்றை நிரலில் சேர்க்காதிருப்பது நல்லது. நினைவில் 'எண்ணெய்க் கடை' என்று நிற்பது பத்திரத்தில் மண்ணெண்ணெய்க் கடையாக இருக்கவும் கூடும். சாதிப் பெயர்களை அச்சிடுவதில் மிக்க எச்சரிக்கை வேண்டும். தொழிலை அறியவே தேடல், குலத்தை எடுத்துக்காட்ட அன்று. வீட்டார் இசைவின்றி அவர்தம் பத்திரத்தை வெளியிடலும் ஆகாது.

சார்பதிவாளர் அலுவலகத்தில் தேட இரண்டு குறிப்பேடுகள் உண்டு. ஆட்பெயரால் தேடுவது முதற் குறிப்பேடு; சொத்தால் தேடுவது இரண்டாம் குறிப்பேடு. அண்மை ஆண்டுகளின் வில்லங்க விவரங்களை இணையத்திலேயே காணலாம். பழையவற்றிற்கு உரிய கட்டணத்துடன் மனுச் செய்ய வேண்டும். மனுவில் எத்தனை ஆண்டுக்குத் தேட வேண்டும் என்று கேட்பார்கள். வீடு வாங்குவோர் முப்பது ஆண்டு என்று எழுதுவது வழக்கம். இத்தேடலுக்கு அது போதாது. தாய்ப்பத்திரத்தில் கண்ட ஆண்டையே தொடக்கமாக எழுத வேண்டும்.